கோரை வராத எழுபது சென்ட்

சுகிர்தத்தால் குத்தவைத்து உட்கார முடியாது. வலது முழங்காலை மடக்கினால் உள்ளே ஏதோ ஒன்று நழுவிப்போய் வேறோர் இடத்தில் மாட்டிக்கொள்ளும். இடது கால் பாதிக்கு மேல் மடங்காது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் மற்ற பெண்கள் முழந்தாளிடும்போது அவள் மட்டும் கடைசித் தூணைப் பிடித்தபடி நிற்பாள். ஐம்பத்தெட்டு வயதுக்கு இது சீக்கிரம்தான். அந்த முழங்கால்கள் பார்த்த வேலைக்குச் சீக்கிரம் என்று சொல்ல முடியாது.

பதினான்கு வயதில் களை எடுக்கப் போனவள். சுரண்டையைச் சுற்றி வெங்காயம், மிளகாய், வெண்டை. அங்கே வேலை இல்லாத நாட்களில் அச்சன்புதூர்ப் பக்கம் நெல்வயல். முப்பது வருடங்களுக்கு மேல் அதே வேலை. பெண்கள் வரிசையாகக் குத்தவைத்து நகர, நிலத்துக்காரர் குடையோடு வரப்பில் நிற்பார். நிமிர்ந்து பார்த்தால் அவருடைய செருப்பும் வேட்டிக்கரையும் தெரியும்.

களை எடுப்பதில் ஒரு விசித்திரம் உண்டு. நட்டவள் திரும்பிப் பார்த்தால் பயிர் நிற்கும். அறுத்தவளுக்குக் கட்டு கிடக்கும். களை எடுத்தவள் திரும்பிப் பார்த்தால் அங்கே எதுவும் இருக்காது. அந்த இல்லாமைதான் அவள் செய்த வேலை. அதுவும் இருபது நாளுக்கு மேல் நிலைக்காது.

எல்லாக் களையும் ஒரே மாதிரி அல்ல. சாரணையைப் பிடுங்கினால் வேரோடு வரும். பூக்கும் முன்பே பிடுங்கிவிட்டால் அதோடு முடிந்தது. கோரை அப்படியில்லை. இழுத்தால் இலை மட்டும் கையோடு வரும், கிழங்கு அடியில் நிற்கும். சுண்டைக்காய் அளவுக் கறுப்புக் கிழங்கு, கீறி முகர்ந்தால் நாட்டு மருந்துக்கடை வாசனை. ஒரு கிழங்கிலிருந்து நூல் மாதிரி வேர் ஓடி இன்னொரு கிழங்கு, அதிலிருந்து இன்னொன்று என்று மண்ணுக்குள் பாசிமாலையாகக் கோத்துக் கிடக்கும். வெங்காயத் தோட்டத்தில் அதன் முளை ஊசியைப் போல வெங்காயத்தையே துளைத்துக்கொண்டு மேலே வரும். சுற்றிலும் வருடத்துக்கு மூன்று வெள்ளாமை எடுத்தார்கள். சொட்டுநீர்க் குழாயில் தண்ணீரோடு உரமும் போனது. கோரையும் அதையே குடித்தது. களைக்கொல்லி அடித்தால் மஞ்சளாகிப் படுக்கும். மாதம் திரும்புவதற்குள் எழுந்துவிடும். அடுத்த முறை இன்னும் கொஞ்சம் கூடுதலாக அடிப்பார்கள்.

கணவர் இறந்தபின் அவருடைய பங்காக எழுபது சென்ட் நிலம் அவள் பெயருக்கு வந்தது. நிலம் வந்ததும் அவளுக்கு ஒரே ஓர் ஆசை உண்டாயிற்று. அதைக் கூட வேலை செய்த முத்துசெல்வியிடம் மட்டும் சொன்னாள். இருபது வருடம் இருவரும் அடுத்தடுத்த பாத்தியில் களை எடுத்தவர்கள்.

"ஒரே ஒரு வெங்காய வெள்ளாமை, யாரும் குத்தவைக்காம எடுக்கணும்ட்டி."

"பின்ன, நின்னுக்கிட்டே எடுக்கப் போறமா?"

"எடுக்கவே வேண்டாம். களையே இருக்கக்கூடாது."

"ஒனக்கு முட்டுலதான் கோளாறுன்னு நெனச்சேன். மேலயும் ஏறிட்டா?" என்றாள் முத்துசெல்வி.

வேளாண்மை அலுவலகத்தில் ஆசிப் என்று ஓர் அதிகாரி அப்போதுதான் வந்திருந்தார். ஒரு கூட்டத்தில் அவர் களையைப் பற்றி நெடுநேரம் பேசினார். முடிந்ததும் சுகிர்தம் எழுந்து கேட்டாள். "சார், நீங்க களை பறிச்சிருக்கீயளா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "இல்லம்மா. படிச்சதுதான்" என்றார். பிறகு ஒன்று சொன்னார். கோரை இலை விட்டுப் பதினைந்து இருபது நாள் கழித்துத்தான் புதுக்கிழங்கு வைக்கும். அதற்கு முன்பே எடுத்துவிட்டால், அடுத்த இலையைப் பழைய கிழங்கின் சத்திலிருந்துதான் விடவேண்டும். அப்படியே எடுத்துக்கொண்டிருந்தால் கிழங்கு காலியாகும். நிழலும் அதற்கு ஆகாது.

"அப்ப பட்டினி போடணும்" என்றாள் சுகிர்தம்.

"ஆமாம்மா. ஆனா வருஷக்கணக்கா போடணும்."

முதல் சித்திரையில் ஒன்பது கொத்துக் கலப்பையால் நிலத்தை ஆழமாகக் கிளறி வெயிலில் போட்டாள். மேலே வந்த கிழங்குகளைப் பொறுக்கினாள். பதினொரு சாக்கு. பிறகு எதுவும் விதைக்காமல் தண்ணீர் பாய்ச்சினாள். வெறும் நிலத்துக்குத் தண்ணீர் விடுகிறாள் என்று அக்கம்பக்கத்தில் வேடிக்கை பார்த்தார்கள். கோரை பச்சைப்பசேல் என்று முளைத்தது. பன்னிரண்டாம் நாள் அத்தனையையும் கொத்தி எடுத்தாள். மறுபடி தண்ணீர், மறுபடி கொத்து. அதன்பின் நிழல் கட்டுவதற்காகச் சணப்பை நெருக்கமாக விதைத்து, ஆளுயரம் வந்ததும் மடக்கி உழுதாள். அடுத்துத் தட்டப்பயறு. இரண்டு வருடம் அந்த நிலத்தில் வெங்காயமே இல்லை.

இரண்டாவது வருடத்தில்தான் மருமகன் பிரின்ஸோடு சண்டை வந்தது. பிரின்ஸ் சொந்த டிராக்டர் வைத்து ஊருக்கெல்லாம் உழுபவன், உழைப்பாளி, கோபக்காரன். "ஒரு டேங்க் மருந்துல முடியுற காரியத்துக்கு ரெண்டு வருசமா நெலத்த சும்மா போட்டிருக்கு, பைத்தியம்" என்று டீக்கடையில் வைத்துச் சொன்னான். அவள் டீக்கடைக்கே போய், "நெலம் எம் பேர்லதான் இருக்கு மாப்ள" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள். அதன்பின் ஐந்து வருடம் இருவரும் நேராகப் பேசவில்லை. ஒரே அறையில் இருந்தாலும் மகள் ஷெர்லின் வழியாகத்தான் பேச்சு. "ஒங்க அம்மாவுக்குக் குழம்பு வேணுமான்னு கேளு." "போதும்னு சொல்லு." ஷெர்லின் நடுவில் கரண்டியோடு நிற்பாள். தீபாவளியாய் இருந்தாலும் கிறிஸ்துமஸாய் இருந்தாலும் அவளுக்கு அதே வேலை. அழுத நாளும் உண்டு.

மூன்றாம் வருடம் பாதி நிலத்தில் வெங்காயம் நட்டாள், மீதியில் சணப்பு. அடுத்த வருடம் மாற்றி. பொறுக்கிய கிழங்கு பதினொரு சாக்கிலிருந்து நான்கு சாக்கானது. பிறகு ஓர் ஓலைக் கடகம். பிறகு மதியச் சோறு கொண்டுபோன தூக்குச்சட்டி. ஏழாவது வருடத் தை வெங்காயத்துக்கு ஒரே ஒரு களையெடுப்புதான். அதை அவளும் முத்துசெல்வியும் ஒரு காலையில் முடித்தார்கள். அன்று தூக்குச்சட்டியின் அடிகூட மறையவில்லை. அந்த ஏழு வருடத்தில் முழங்கால்களும் முடிந்துபோயிருந்தன.

அடுத்தது ஆடி நடவு. அதற்குக் களை இருக்காது.

சுகிர்தம் பொறுமைசாலி என்று சொல்வதற்கில்லை. அவசரக்காரி, வாய்த்துடுக்கு உள்ளவள். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் காத்திருக்கத் தெரிந்தவள். அந்த ஒன்றுக்கு ஏழு வருடம் தாங்கியது.

தை அறுவடையில் மூட்டை தூக்க வந்த பிரின்ஸ் நிலத்தின் நடுவில் கொஞ்சநேரம் நின்றான். குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளிப் பார்த்தான். பிறகு மூட்டையைத் தூக்கினான். பங்குனியில் ஒரு நாள் அவளுடைய வீட்டுக்கே வந்தான்.

"அத்தை, ஒரு கையெழுத்துப் போடணும்."

அவன் அத்தை என்று கூப்பிட்டு ஐந்து வருடம் ஆகியிருந்தது.

"என்ன பேப்பர் மாப்ள?"

"நெலத்துக்கு ஆபீஸ்ல ஒண்ணு பதியணும். நல்ல காரியந்தான்."

கண்ணாடி உள்ளே இருந்தது. எடுத்துவரப் போகாமலே கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டுக் காப்பி கொடுத்தாள்.

வைகாசியில் குற்றாலத்துக்குப் போனாள். தங்கை ஜெஸி அங்கே ஒரு விடுதியில் சமையல் வேலையில் இருந்தாள். பக்கத்தில் முழங்காலுக்கு எண்ணெய்க்கிழி போடும் மலையாள வைத்தியர் ஒருவர். இருபத்தொரு நாள் பத்தியம். சீசன் இன்னும் தொடங்கவில்லை. அருவியில் பாறை மட்டும் தெரிந்தது, பாதிக் கடைகள் தார்ப்பாய் போட்டு மூடிக்கிடந்தன. கடைசி நாள் வைத்தியர் சொன்னார். "வலி குறையும். பட்சே, இனி குத்தவச்சு இருக்கக்கூடாது, கேட்டோ."

"இனிமே தேவைப்படாது வைத்தியரே" என்றாள் சுகிர்தம். அவள் வாழ்க்கையில் அவ்வளவு தெளிவாக ஒரு பதில் சொன்னது அநேகமாக அப்போதுதான்.

சுரண்டையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது பிரின்ஸ் பைக்கோடு நின்றான். வீட்டுக்குப் போகாமல் நேராக நிலத்துக்குக் கூட்டிப்போனான். வரப்பில் ஷெர்லினும் முத்துசெல்வியும் காத்திருந்தார்கள். நிலம் முழுவதும் கறுப்பாக, மட்டம் பார்த்து வைத்ததுபோலப் பரந்து கிடந்தது. ஒரு கட்டி இல்லை.

"யக்கா, ஒம் மருமவன் நெலத்துக்கு மை தீட்டி வச்சிருக்கான் பாத்தியா" என்றாள் முத்துசெல்வி. அவள் முகம் சிரிக்கவில்லை.

"என்ன மாப்ள இது?"

"கொளத்து மண்ணு அத்தை. அன்னைக்குக் கையெழுத்து வாங்குனது இதுக்குத்தான். தாலுகா ஆபீஸுக்கு எட்டு நடை நடந்தேன். நாப்பது லோடு. நானே அடிச்சேன்."

"எந்தக் கொளம்?"

"கீழக்கொளந்தான். மடைப் பக்கம். அங்கனதான் நல்ல வண்டல் கெடக்கும்."

அவளுக்கு அந்த மடை தெரியும். தண்ணீர் வற்றினால் அங்கே பன்றிகள் கூட்டமாக மண்ணைக் கிண்டும். கோரைக்கிழங்குக்காகத்தான் கிண்டும்.

"ஓட்டிட்டியளா?"

"ரெண்டு ஓட்டு. ரொட்டவேட்டர் போட்டு. மாவு மாதிரி இருக்கு, கைல எடுத்துப் பாருங்க."

கலப்பை கிழங்கைப் புரட்டி வெயிலில் போடும். ரொட்டவேட்டரின் சுழல்கத்தி அந்தப் பாசிமாலையை அறுக்கும். கோத்துக் கிடக்கும்வரை நுனிக்கிழங்கு மட்டும் முளைத்து மற்றவை உறங்கும். அறுந்துவிட்டால் ஒவ்வொன்றும் தனியாக விழித்துக்கொள்ளும். முப்பது வருடம் களை எடுத்தவளுக்குத் தெரிந்த இந்தச் சங்கதி, வண்டி ஓட்டுகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மேலே உட்கார்ந்திருப்பவனுக்கு மண் மாவாவதுதான் தெரியும்.

சுகிர்தம் இடுப்பை வளைத்து ஒரு பிடி அள்ளினாள். விரலில் ஒன்று நெருடியது. நகத்தால் கீறினாள். உள்ளே வெள்ளை. மருந்துக்கடை வாசனை. கையை மூடிக்கொண்டாள். பிரின்ஸ் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பரீட்சைத்தாளைக் கொடுத்துவிட்டு நிற்பவனைப் போல நின்றான். அவனுக்குப் பின்னால் ஷெர்லின் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தும் ஐந்து வருடம் ஆகியிருந்தது.

"நல்லா இருக்கு மாப்ள" என்றாள்.

ஆனியில் மேற்கே மலை மறைந்தது. காற்றோடு மூன்று நாள் சாரல் சுரண்டை வரைக்கும் வந்தது. குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்று ஜெஸி போனில் சொன்னாள். ஒன்பதாம் நாள் நிலம் முழுக்க ஊசி ஊசியாகப் பச்சை. முதல் வருடத்தைவிட நெருக்கம்.

பிரின்ஸ் தலைகுனிந்து வந்தான். "அத்தை, கொளத்து மண்ணுலயா வந்துச்சு?"

முந்தின நாளே ஷெர்லின் வந்து சொல்லியிருந்தாள். "அம்மா, அவுக சரியாச் சாப்பிடல. நல்லது செய்யப் போயி கெடுத்துட்டேனோன்னு கேட்டுக்கிட்டே இருக்காக. நீ எதுவும் சொல்லிராத. இப்பத்தான் வீடு வீடா இருக்கு."

"மண்ணுல இல்ல மாப்ள. அது அடியிலேயே ஒறங்கிக் கெடந்திருக்கு. நம்ம நெலத்துல இருந்ததுதான்."

அவன் தோள் இறங்கியது கண்ணுக்குத் தெரிந்தது. "அப்ப அந்த ஏழு வருசமும்…" என்று தொடங்கி நிறுத்திக்கொண்டான். அவனுக்கும் இரக்கம் இருந்தது.

ஆசிப் அந்த மாதக் கடைசியில் இந்த நிலத்தைக் காட்ட வாசுதேவநல்லூர்ப் பக்கத்து விவசாயிகளைக் கூட்டிவருவதாக முன்பே தேதி குறித்திருந்தார். இப்போது வேண்டாம் என்று சுகிர்தம் போன் செய்தாள். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டு அவர் வேனோடு வந்து இறங்கினார். பன்னிரண்டு பேர். பிரின்ஸ் டீயும் வடையும் வாங்கி வைத்திருந்தான்.

எல்லோரும் வரப்பில் ஏறிப் பச்சையைப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் பக்கத்தில் நின்றவரிடம், "இதுதான் கோரை இல்லாத நெலமா அண்ணாச்சி? இருக்குற நெலம் எப்படி இருக்கும்னு காட்டச் சொல்லுங்க" என்றார். சிரிப்பு எழுந்து அடங்கியது.

ஆசிப் கீழே இறங்கி மண்ணைத் தொட்டார். "நிறமே வேறயா இருக்கே. வெளிமண் எதுவும் போட்டீங்களா?"

"கொளத்து மண்ணு சார், நாப்பது லோடு" என்றான் பிரின்ஸ். சொன்ன பிறகே மாமியாரைப் பார்த்தான்.

"அப்படின்னா அதுலதான்…"

"இல்ல சார்." சுகிர்தம் குறுக்கே பேசினாள். "மண்ணு வாறதுக்கு முந்தியே மொளைச்சுட்டு. தை அறுத்ததும் பாத்தேன். ஒங்ககிட்டச் சொல்லல."

ஆசிப் அவளைப் பார்த்தார். ஏழு வருடமாக எத்தனை சாக்கு, எத்தனை கடகம் என்று அவரிடம் கூட்டியும் குறைத்தும் சொல்லாதவள் அவள். அதனால்தான் இதையும் நம்பினார். கையிலிருந்த நோட்டை விரிக்காமல் பைக்குள் வைத்தார். "சரிம்மா. எல்லா நிலத்துக்கும் இது ஒத்துவராது போல" என்றார். முத்துசெல்வி வாயைத் திறந்தாள். சுகிர்தம் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

"நான் அப்பமே சொன்னேம்லா. அடிக்காம கோரை போவாது" என்றார் முதலில் கேலி பேசிய விவசாயி. வடையை எடுத்துக்கொண்டு வேன் பக்கம் நடந்தார்கள்.

ஒருத்தி மட்டும் பின்தங்கினாள். வேனில் கூட வந்திருந்த அச்சன்புதூர் மாஜிதா. சுகிர்தத்தைப் பார்த்துத் தன்னுடைய ஐம்பது சென்ட்டில் அந்த வருடம்தான் முதன்முதலாகச் சணப்பு போட்டிருந்தாள். வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டு போட்டது.

"அப்ப நான் என்னக்கா செய்ய? மடக்கிட்டு மருந்தே அடிச்சிரவா?"

அவளிடமாவது சொல்லியிருக்கலாம். பிரின்ஸ் ஐந்தடி தள்ளி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

"ஒன் இஷ்டம் தாயி" என்றாள் சுகிர்தம்.

மாஜிதா தலையாட்டிவிட்டுப் போனாள். ஆடி பிறக்கும் முன்பே அவள் நிலத்தில் மருந்து அடித்துவிட்டதாகச் செய்தி வந்தது.

இதைப் பெருந்தன்மை என்று சொல்லிவிடலாம். அது சரியாக இருக்காது. அடுத்தவர் வீட்டு நிம்மதிக்காகத் தான் அறிந்ததை விழுங்குவது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். விழுங்கியது இந்த முறை பெரியது, அவ்வளவுதான். ஒரு வீடு காப்பாற்றப்பட்டது. ஒரு நிலம் பொய்யாக்கப்பட்டது. அதை நம்பிய இன்னொரு நிலமும் போனது. இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்கத் தெரிந்தவர் யாரும் அந்த வரப்பில் இல்லை. வேறெங்கும் இருப்பார்களா என்பதும் சந்தேகம்தான்.

தன் நிலத்தில் மட்டும் மருந்து அடிக்க அவள் சம்மதிக்கவில்லை. பிரின்ஸ் ஒரு தடவை கேட்டான், அதற்குப்பின் கேட்கவில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம். தொடங்கினால் முடிகிறபோது அவளுக்கு அறுபத்தைந்து. பன்னிரண்டாம் நாள் கொத்தி எடுக்க முழங்கால் வேண்டும். அதையும் ஒரு நாள் யோசித்துப் பார்த்தாள்.

விதை வெங்காயம் காத்திருக்காது. தையில் எடுத்து மூங்கில் தட்டிப் பட்டறையில் காயவைத்தது, ஆடி வந்ததும் முளைவிடத் தொடங்கியது. அழுக விடுவதா நடுவதா என்றால் நடத்தான் வேண்டும். முளைத்ததை உழுதுவிட்டு நட்டார்கள். பதினெட்டாம் நாள் கோரை வெங்காயத் தாளை மறைத்து நின்றது.

முத்துசெல்வி ஒன்பது பெண்களோடு வந்தாள். காலை ஏழு மணி, லேசான காற்று. ஆளுக்கொரு பாத்தியாகக் குத்தவைத்தார்கள். சுகிர்தமும் களைக்கொத்தியோடு பாத்திக்குள் இறங்கினாள். வலது காலை மடக்கினாள். உள்ளே நழுவியது.

"நீ எங்கனட்டி வாற? எந்திரிச்சுப் போ" என்றாள் ஒரு மூத்த பெண்.

"ஆமாக்கா, நெலத்துக்காரி எறங்குனா நாங்க எப்படிப் பேச்சு பேசுறது?" என்றாள் முத்துசெல்வி. பெண்கள் சிரித்தார்கள்.

சுகிர்தம் களைக்கொத்தியை ஊன்றி எழுந்து வரப்பில் ஏறினாள். பத்து முதுகுகள் கீழே நகர்ந்தன. இலையைப் பிடித்து இழுக்கும் சத்தம் கேட்டது. கிழங்கு வராமல் இலை மட்டும் அறுகிற சத்தம் அது. வெங்காயம் நிற்கும் பாத்தியில் ஆழமாகக் கொத்த முடியாது. இருபது நாள் கழித்து இவர்கள் மறுபடி வரவேண்டும்.

யாரோ நிமிர்ந்து பார்த்தார்கள். அங்கிருந்து தன் செருப்பும் சேலைக்கரையும்தான் தெரியும் என்று சுகிர்தத்துக்குத் தெரியும்.

"யக்கா, கொஞ்சம் தள்ளி நில்லு" என்றாள் முத்துசெல்வி. "நெழல் விழுது. களை எது பயிர் எதுன்னு தெரியல."

சுகிர்தம் தள்ளி நின்றாள்.